கல்லைப் பதனிடும் தண்ணீர்

"வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் பாறை உருமாறும்." பள்ளிப் புவியியலில் இந்த வரியைப் படிக்காமல் வந்தவர்கள் இல்லை. வரி தப்பில்லை, ஆனால் பாதிதான். அந்த இரண்டும் இருந்து மூன்றாவது ஒன்று வந்து சேராவிட்டால், பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாமலே கிடக்கும். அந்த மூன்றாவது, தண்ணீர்.

இதோடு சேர்ந்தே பரவிய இன்னொரு தவறும் உண்டு. கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் போகிறது, ஆழத்துச் சூட்டில் அதுவே உருகுகிறது, உருகியது எரிமலையாகப் பொங்குகிறது என்று யூடியூப் காணொளிகள் முதல் போட்டித்தேர்வுக் குறிப்புகள் வரை சொல்கின்றன. பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுவல்ல. கீழே போகும் தட்டு தன்னிடமிருக்கும் தண்ணீரைக் கக்குகிறது. அந்தத் தண்ணீர் ஏறிப்போய்ச் சேரும் வேறொரு பாறைதான் உருகுகிறது.

இந்தத் தண்ணீர் கல்லுக்குள் எப்படிப் போகிறது, எந்த வடிவில் இருக்கிறது, வெளியேறும்போது எதை எடுத்துப் போகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். வேதியியல் சமன்பாடுகள் தேவைப்படாது.

தோல் ஷாப்பிலிருந்து தொடங்குவோம்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைப்பது சுலபம். தோல் பதனிடுவதும் பாறை மாறுவதும் வேலைமுறையில் அவ்வளவு நெருக்கம்.

பதனிடாத தோலைச் சூடான தண்ணீரில் போட்டால் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். அதே தோலைக் குரோம் ஏற்றிப் பதனிட்டபின் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு எடுத்தாலும் சுருங்காது. மயிர்த்துளை, மடிப்பு, ஓரம் எல்லாம் பார்வைக்கு அப்படியே இருக்கும். உள்ளேயிருக்கும் வேதியியல் மட்டும் வேறாகியிருக்கும்.

அதற்கு ஒரு வரிசை உண்டு. சுண்ணாம்பு நீக்கிய தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த பிக்கிளில் வைத்து, பி.எச். அளவை 3க்குச் சற்றுக் கீழே இறக்குவார்கள். பிறகுதான் டிரம்மில் குரோம் உப்பு. அந்த அமில நிலையில் குரோமியம் தோல் நாரில் சட்டென்று ஒட்டாது, அதனால் உள்வரை ஊறிப் போகும். நன்றாக ஊறியபின் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பி.எச். அளவை 4 பக்கம் ஏற்றுவார்கள். பிடிப்பது அப்போதுதான். அவசரப்பட்டு முன்கூட்டியே ஏற்றினால் மேல்பரப்பில் மட்டும் குரோம் பிடித்து வழியை அடைத்துக்கொள்ளும், நடு வேகாது. தோலின் தடித்த பகுதியில், பெரும்பாலும் கழுத்துப் பக்கம், கத்தியால் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். வெட்டுமுகம் முழுக்க நீலமாக இருந்தால் சரி. நடுவே வெளிறிய கோடு தெரிந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

அந்த வெட்டுமுகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாறிய விளிம்பும் உள்ளே மாறாத நடுவுமாக நிற்கும் கற்களைப் புவியியலாளர்கள் உலகமெங்கும் பார்க்கிறார்கள். கல்லிலும் பொருளைச் சுமந்து உள்ளே போவது நீர்தான். நிலைமை ஒன்றாக இருக்கும்போது கரைந்து நகர்கிற பொருள், நிலைமை மாறும்போது படிந்து பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்து வெளியேறும் நீரும் உள்ளே போன நீராக இருப்பதில்லை. டிரம்மிலிருந்து வடிகிற கழிவுநீரில் மீந்த குரோமும் உப்பும் தோலிலிருந்து கரைந்ததும் இருப்பதுபோல, பாறையிலிருந்து கரைந்தவற்றை அது சுமந்துகொண்டு போகிறது.

இரண்டு சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம். ஆழத்தில் இருக்கும் நீர், கரியமில வாயு, அவற்றில் கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாய்மம் என்கிறோம். அந்தப் பாய்மம் ஒரு பாறைக்குள் புகுந்து, சில தனிமங்களைச் சேர்த்தும் சிலவற்றை எடுத்தும், பாறையின் மொத்த வேதிக் கலவையையே மாற்றிவிட்டால் அதற்கு மெட்டாசோமாட்டிசம் என்று பெயர். சாதாரண உருமாற்றத்தில் கலவை ஏறக்குறைய அதேதான், அடுக்கு மட்டும் மாறும்.

கல்லுக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

"ஆழத்தில் தண்ணீர்" என்றதும் குகையில் தேங்கிய ஏரிதான் பலருக்கும் மனதில் வருகிறது. துளைகளிலும் வெடிப்புகளிலும் இருக்கும் அந்த வகைத் தண்ணீர், தட்டு கீழே இறங்கத் தொடங்கிய முதல் சில கிலோமீட்டரிலேயே பெரும்பாலும் பிழிந்து வெளியே தள்ளப்பட்டுவிடும். அதற்குக் கீழும் போவது கனிமத்தின் உடம்பிலேயே கட்டுண்ட தண்ணீர். தொட்டால் ஈரமாக இருக்காது, கசக்கினாலும் சொட்டாது.

இதை நேரில் காட்டும் கனிமம் ஒன்று திருப்பத்தூர் பக்கத்திலேயே கிடைக்கிறது. செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுக்கும் வெர்மிகுலைட்தான் அது. கறுத்த மைக்காத் தகடுகளுக்குள் வெந்நீரும் நிலத்தடி நீரும் புகுந்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, அந்த இடத்தில் மக்னீசியத்தோடு நீரையும் அடுக்கி வைத்ததால் உண்டான கனிமம். பதனிட்ட மைக்கா என்றே சொல்லலாம்.

பொரிக்காத வெர்மிகுலைட் செதில் ஒன்றை இடுக்கியில் பிடித்து நீலச் சுவாலையில் காட்டினால், சில நொடியில் செதில் அக்கார்டியன்போல விரிந்து புழுவாக நெளியும். லத்தீனில் புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் வெர்மிகுலைட். அடுக்குகளுக்கிடையே இருந்த நீர் திடீரென ஆவியாகி, தகடுகளைத் தள்ளிப் பிரிக்கிறது. தொழிற்சாலை உலையில் 8 முதல் 30 மடங்கு வரை பெருகும். மாடித்தோட்டத்துக்கு நர்சரியில் விற்கும் வெர்மிகுலைட்டை எடுத்து இதைச் செய்தால் எதுவும் நடக்காது, அது ஏற்கெனவே பொரித்தது. செய்வதானால் வெளியில், மூக்கை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். தூசி நல்லதல்ல.

அதே செதிலை மெல்ல மெல்லச் சூடாக்கினால் பொரியாது. நீர் சத்தமில்லாமல் ஓரம் வழியே நழுவிப் போய்விடும். தண்ணீரின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், வெளியேறும் வேகம் வேறு. தப்பிக்க வழி கிடைப்பதைவிட வேகமாக நீர் பிறந்தால் கல் பிளக்கும். பூமிக்குள் 70 முதல் 300 கி.மீ. ஆழத்தில் வரும் நிலநடுக்கங்களில் பலவற்றுக்கு இப்படி நீர் விடுபடுவதையே முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள். அவ்வளவு ஆழத்தில் அழுத்தமே பாறையை இறுக்கிப் பிடித்திருக்கும், உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும் பாய்மம் இல்லாவிட்டால் அது சட்டென்று வழுக்குவது கடினம்.

கனிமத்துக்குக் கனிமம் கொள்ளளவு வேறுபடும். எடையில் பார்த்தால் செர்பென்டைனிலும் குளோரைட்டிலும் 12, 13 சதவீதம் வரை நீர். லாசனைட் என்ற கனிமத்தில் 11 சதவீதத்துக்கு மேல். மைக்காவில் சுமார் 4. ஆம்பிபோலில் சுமார் 2. கார்னெட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதை தானாக வரும்.

தண்ணீர் ஏறும் இடம்

கடலின் நடுவே தட்டுகள் விலகும் மலைத்தொடர்களில் பாசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறை புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. சூடான புதுப்பாறையில் வெடிப்புகள் ஏராளம். கடல்நீர் அதற்குள் இறங்கி, சூடேறி, மறுபடி பீறிட்டு வருகிறது. 1979இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் ஏறக்குறைய 350 டிகிரி வெப்பத்தில் கறுப்பாகப் புகையும் கடலடி ஊற்றுகளை மனிதர்கள் முதன்முதலில் கண்டார்கள். அந்தச் சுற்றோட்டத்தில் கடல்நீரின் மக்னீசியம் பாறைக்குப் போகிறது, பாறையின் இரும்பும் செம்பும் துத்தநாகமும் நீருக்கு வருகின்றன. நீரில் ஒரு பங்கு குளோரைட், ஆம்பிபோல், களிமண் கனிமங்களாகப் பாறையிலேயே தங்கிவிடுகிறது.

பாசால்ட்டுக்குக் கீழே இருப்பது கவசப் பாறை. கவசம் என்பது பூமியின் மேலோட்டுக்கும் நடுக்கருவுக்கும் இடைப்பட்ட தடித்த அடுக்கு. அதன் மேல்பகுதியில் மிகுதியான கனிமம் ஆலிவின். வெடிப்பு வழியே நீர் அதைத் தொட்டால் செர்பென்டைன் உண்டாகிறது. அடர்த்தி 3.3லிருந்து 2.6 அளவுக்கு இறங்கும், அதாவது கல் ஊதிப் பெருக்கும். ஆலிவினிலிருந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும்.

ஆலிவின் மிகுந்த பாறையைத் தொடும் நீரில் கரியமில வாயு சேர்ந்திருந்தால் முடிவு வேறு. திருப்பத்தூரிலிருந்து சேலம் போகும் ரயிலில் மேக்னசைட் ஜங்ஷன் வரும். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கரும்பாறைக்குள் வலைபோல ஓடும் வெள்ளைக் கோடுகள் அந்த வேலைதான். பாறையின் மக்னீசியத்தைக் கரியமில வாயு பிடித்துக்கொண்டு மேக்னசைட்டாகியிருக்கிறது. கோடு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பாய்மம் ஓடியது. இரண்டு கோட்டுக்கு நடுவே கிடக்கும் பாறை பல இடங்களில் பழைய பாறையாகவே மிஞ்சியிருக்கிறது.

இதுவரை: தண்ணீர் கல்லில் ஏறுவது கடலடியில். கட்டுண்டு இருப்பது கனிமங்களின் அடுக்குக்குள். ஏறும்போதே அது கல்லின் வேதிக்கலவையை ஒருமுறை மாற்றிவிடுகிறது.

கீழே இறங்கும் பயணம்

வேலூரிலிருந்து ஏறக்குறைய நேர்கிழக்கே வங்காள விரிகுடாவைத் தாண்டினால் அந்தமான். அந்தத் தீவுகளுக்கு மேற்கேயுள்ள கடலடிப் பள்ளத்தில் இந்தியத் தட்டு கிழக்கு நோக்கி அடியில் செருகிக்கொண்டு போகிறது. இப்படி ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் இறங்குவதைத் தட்டு அமிழ்தல் என்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று நழுவியது இந்த எல்லைதான்.

வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். அழுத்தமோ வேகமாக ஏறும். வீட்டுப் பிரஷர் குக்கரில் இருப்பது வெளிக்காற்றைப்போல இரண்டு மடங்கு. 30, 35 கி.மீ. ஆழத்தில் 10,000 மடங்கு. 100 கி.மீ. ஆழத்தில் 30,000 மடங்கு. ஆனால் கடலில் ஊறிக் குளிர்ந்த தட்டு கீழே போவதால் சூடு அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. அழுத்தம் மிக அதிகம், சூடு அந்த ஆழத்துக்குக் குறைவு. இந்த வினோதக் கலவை இருக்கும் இடத்தில் நடப்பதைத்தான் உயர் அழுத்த உருமாற்றம் என்கிறார்கள்.

20 கி.மீ.க்குக் கீழே, 200 முதல் 500 டிகிரிக்குள், பாசால்ட் நீலம் பூத்த ஒரு பாறையாகிறது. நீலச்சிஸ்ட் என்பது அதன் பெயர். கிளாக்கோபேன் என்ற ஆம்பிபோல்தான் நீலத்துக்குக் காரணம். லாசனைட், குளோரைட் எல்லாம் இருப்பதால் இதில் இன்னும் நீர் நிறைய. மேலும் இறங்கினால், சூட்டைப் பொறுத்து 50 கி.மீ.க்கு அப்பால், இது எக்லோகைட் ஆகிறது. சிவப்புக் கார்னெட்டும் பச்சைப் பைராக்சீனும் கலந்த, கண்ணைக் கவரும் கல். அதன் முக்கியக் கனிமங்களில் நீருக்கு இடமில்லை. எனவே நீலச்சிஸ்ட் எக்லோகைட் ஆகும்போது நீர் வெளியேறியே ஆக வேண்டும்.

சுண்ணாம்புக் காளவாயை நினைத்துக்கொள்ளலாம். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 44 கிலோ கரியமில வாயு. ஈரம் உலர்வதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, அந்தக் கனிமத்துக்கென்று உள்ள நிலைமை வந்ததும் வாயு பிரிகிறது. அமிழும் தட்டில் ஒவ்வொரு கனிமத்துக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. குளோரைட், ஆம்பிபோல், லாசனைட் எல்லாம் வெவ்வேறு ஆழத்தில் நீரை விடுகின்றன. செர்பென்டைன் 600, 700 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மைக்கா அதைவிட ஆழத்துக்கும் கொஞ்சம் நீரைக் கொண்டுபோகும்.

இன்னொரு விளைவு: பாசால்ட்டின் அடர்த்தி 3 பக்கம், எக்லோகைட்டுக்கு 3.4, 3.5. நீரை விட்ட தட்டு சுற்றியிருக்கும் கவசத்தைவிடக் கனமாகித் தன் எடையாலேயே தன்னைக் கீழே இழுக்கிறது.

அந்தத் தண்ணீர் எதை எடுத்துப் போகிறது?

374 டிகிரிக்கும் 218 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் நீருக்குத் திரவம், ஆவி என்ற பிரிவு கிடையாது. ஆவிபோலப் பாயும், திரவம்போலக் கரைக்கும். நம் வீட்டுத் தண்ணீரில் வெங்கச்சங்கல்லைப் போட்டால் ஆயுள் முழுக்கக் கிடந்தாலும் கரைந்ததாகத் தெரியாது. ஆழத்துப் பாய்மத்தில் அந்தக் கல்லின் பொருளான சிலிக்கா எடையில் பல சதவீதம் கரைந்திருக்கும். அழுத்தமும் சூடும் குறையும் இடத்துக்கு வந்ததும் அது வெடிப்புகளில் படிந்து வெள்ளை நரம்பாகிறது.

எல்லாத் தனிமமும் ஒரே மாதிரி கரைவதில்லை. பொட்டாசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், ஈயம், போரான், யுரேனியம் ஆகியவை பாய்மத்தோடு சுலபமாகக் கிளம்பிவிடும். டைட்டானியம், நையோபியம், ஜிர்கோனியம் பெரும்பாலும் அசையாது. ரூடைல், ஜிர்கான் போன்ற பிடிவாதமான கனிமங்கள் அவற்றைப் பூட்டி வைத்திருக்கின்றன. மணவாளக்குறிச்சிக் கடற்கரைத் தாதுமணலில் அதே ரூடைலும் ஜிர்கானும் கிடைக்கின்றன. மலைப்பாறையிலிருந்து மற்றதெல்லாம் கரைந்தும் தேய்ந்தும் போனபின் மிஞ்சிய எச்சம் அது. ஆழத்திலும் அந்தப் பிடிவாதம் போகவில்லை.

அழுத்தம் மட்டும் போதாது: ஹோல்ஸ்னோய் தீவு

தண்ணீரின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் உலகில் குறைவு. நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஹோல்ஸ்னோய் என்ற தீவு. அதன் பாறை ஏறக்குறைய 93 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக உயர்ந்த வெப்பத்தில் உருவான, நீர் அறவே வறண்ட கிரானுலைட். சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது அது எக்லோகைட் ஆக வேண்டிய ஆழத்துக்கு இறங்கியது. சூடு இருந்தது, அழுத்தம் இருந்தது, காலமும் இருந்தது.

ஆனால் தீவின் பெரும்பகுதி மாறவேயில்லை. வெடிப்புகளை ஒட்டி மட்டும், சில இடங்களில் ஒரு விரல் அகலத்துக்கு, சில இடங்களில் பல மீட்டருக்கு, பாறை எக்லோகைட் ஆகியிருக்கிறது. விளிம்பிலிருந்து ஒரு எட்டு தள்ளினால் பழைய கிரானுலைட் அப்படியே. ஹாகோன் ஆஸ்திரெய்ம் என்ற புவியியலாளர் 1987இல் இதை விளக்கினார். வெடிப்பு வழியே வந்த கொஞ்சம் பாய்மம் எட்டிய இடம் மாறியது, எட்டாத இடம் நின்றுவிட்டது. தோல் வெட்டுமுகத்தின் வெளிறிய நடுக்கோடு இதுதான்.

ஏன் தண்ணீர் இல்லாமல் நடக்கவில்லை? உப்பு ஜாடியைப் பாருங்கள். கோடையில் உப்பு மாதக்கணக்கில் உதிரியாகக் கிடக்கும். ஐப்பசி மழையில் ஜாடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரம் ஒவ்வொரு மணியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். உப்பு அதில் கரைந்து, பக்கத்து மணியோடு சேர்ந்து மறுபடி உறையும். மறுநாள் கரண்டி இறங்காது. கனிமங்களும் அப்படித்தான். வறண்ட கல்லில் அணுக்கள் திடப்பொருளுக்குள்ளேயே ஒவ்வொன்றாக இடம் மாற வேண்டும், அது மிக மிக மெதுவான வேலை. மெல்லிய நீர்ப்படலம் ஒன்று வந்துவிட்டால் பழைய கனிமம் ஒருபுறம் கரைய, புதியது மறுபுறம் படியும். கரைதலும் படிதலும் ஒரே கோட்டில் நகர்ந்து போகும். புதிய கனிமம் பழையதைவிட அடர்த்தியானதாக இருந்தால் நடுவே நுண்துளைகள் விழும், அவை வழியே பாய்மம் மேலும் உள்ளே போகும். மாறாகப் பருமன் பெருகினால் துளை அடைபட்டு வேலை நின்றுபோகலாம், அல்லது கல் பிளந்து புதுவழி திறக்கலாம்.

இதன் வேகம் பலரையும் வியக்கவைத்தது. சீனாவின் தியான்ஷான் மலையில் நீலச்சிஸ்டை ஊடுருவிய ஒரு நரம்பையும் அதன் ஓரத்தில் எக்லோகைட்டாக மாறிய பட்டையையும் லித்தியம் அளவுகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, அந்தப் பாய்ம ஓட்டம் ஏறக்குறைய 200 ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. தட்டு இறங்குவது பல லட்சம் ஆண்டுக் கணக்கு. பாய்மம் ஓடுவது மனிதத் தலைமுறைக் கணக்கு.

இதுவரை: அழுத்தமும் வெப்பமும் எந்தக் கனிமம் நிலைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த மாற்றம் உண்மையில் நடக்குமா, எந்தக் கோட்டில் நடக்கும், எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதைப் பாய்மம் தீர்மானிக்கிறது.

எரிமலைக்கு வருவோம்

விடுபட்ட நீர் மேலே ஏறி, தட்டுக்கு மேலிருக்கும் சூடான கவசத்துக்குள் புகுகிறது. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சூடேற்றுவதில்லை. ஐஸ் உருகும் வெப்பநிலையைச் சுழியத்துக்குக் கீழே இறக்குகிறது, அதனால் இருக்கிற குளிரிலேயே ஐஸ் உருகுகிறது. கவசத்துக்கு நீர் செய்வதும் அதுவே. 100 கி.மீ. ஆழத்தில் வறண்ட கவசப் பாறை உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். நீர் சேர்ந்தால் 1,000 டிகிரிக்கும் கீழேயே உருகத் தொடங்கும். சூட்டைக் கூட்டாமல் உருகுநிலையைக் குறைத்து உண்டாகும் பாறைக்குழம்பு இது. தட்டின் மேற்பரப்பு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும் இடத்துக்கு நேர் மேலே எரிமலை வரிசை அமைவது அதனால்தான். அந்தமானுக்குக் கிழக்கே 1787இலேயே வெடித்ததாகப் பதிவுள்ள, 1991இல் மறுபடி விழித்த பாரென் தீவு எரிமலை அந்த வரிசையைச் சேர்ந்தது.

"தட்டின் பொருள்தான் அங்கே வந்தது என்று எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு மேல்வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகி, மழையோடு இறங்கி, கடலடி வண்டலில் படிகிறது. அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. பூமிக்குள் ஆழத்தில் அது உண்டாக வழியில்லை, பழையது எப்போதோ சிதைந்து தீர்ந்திருக்கும். 1982இல் அமிழ்தல் மண்டல எரிமலைக் குழம்புகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது. கடலடி வண்டல் கீழே போய், அதிலிருந்து கரைந்தது மேலே வந்து, எரிமலையில் வெளியாகும் முழுச் சுற்றும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் முடிகிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டியதில்லை. கூடவே அந்தக் குழம்புகளில் பேரியமும் ஈயமும் மிகுதி, நையோபியமும் டைட்டானியமும் குறைவு. கரைந்தது வந்தது, பூட்டியது கீழேயே நின்றது.

எவ்வளவு மாறியது என்று அளப்பது எப்படி?

இங்கேதான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆய்வகம் தருவது சதவீதம். ஒன்று கூடினால் மற்றது தானாகக் குறைந்ததுபோலத் தெரியும்.

ஒரு பிரியாணிச் சட்டியை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ அரிசிக்கு 30 கிராம்பு போட்டிருக்கிறீர்கள். வெந்தபின் ஒரு கிலோ எடுத்து எண்ணினால் 10 கிராம்பு. கிராம்பு எங்கும் போகவில்லை, ஆகவே சட்டியில் இப்போது மூன்று கிலோ இருக்கிறது. பாறையில் கிராம்பின் வேலையைச் செய்வது அசையாத தனிமம், உதாரணமாக ஜிர்கோனியம்.

மாறாத பாறையில் ஜிர்கோனியம் பத்து லட்சத்துக்கு 100 பங்கு, மாறியதில் 80 என்று வைத்துக்கொள்வோம். 100ஐ 80ஆல் வகுத்தால் 1.25. அதாவது 100 கிராம் கல் 125 கிராம் ஆகியிருக்கிறது. பொட்டாசியம் ஆக்சைடு 0.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானால், 125 கிராமில் 2.5 கிராம். ஐந்து மடங்கு. சிலிக்கா 50லிருந்து 44 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் "சிலிக்கா போய்விட்டது" என்று எழுதத் தோன்றும். 125 கிராமில் 44 சதவீதம் 55 கிராம். போகவில்லை, 5 கிராம் கூடியிருக்கிறது. இந்த ஒரு படியை விட்டதால் தலைகீழாகப் போன முடிவுகள் நிறைய. ஒரு தனிமத்தை மட்டும் நம்பாமல் டைட்டானியத்தையும் வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்று அசைந்திருக்கிறது.

நீரின் அளவைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள எரிப்பிழப்புச் சோதனை செய்வார்கள். பொடித்த கல்லில் ஒரு கிராமை 105 முதல் 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி எடை போட வேண்டும். இதில் போவது ஒட்டியிருந்த ஈரம் மட்டும். பிறகு 1,000 டிகிரி உலையில் ஒரு மணி நேரம். ஈரம் புகாத டெசிகேட்டரில் ஆறவைத்து மறுபடி எடை. குறைந்தது கட்டுண்ட நீரும் கரியமில வாயுவும். ஒரு பொறி உண்டு: இரும்பு மிகுந்த கல்லில், சூட்டில் இரும்பு ஆக்சிஜனைப் பிடித்து எடை ஏறும். ஃபெரஸ் ஆக்சைடு 10 சதவீதம் இருந்தால் 100 கிராமுக்கு 1.1 கிராம் வரை கூடலாம். நீர் குறைந்த எக்லோகைட்டைச் சுட்டால் எடை குறைவதற்குப் பதில் ஏறியே காட்டும். தராசைச் சந்தேகப்படத் தேவையில்லை, இரும்புக்கான திருத்தம் போட்டால் போதும்.

நம் பக்கத்துக் கல்லைப் பார்க்கும்போது

ஜவ்வாது மலையின் சார்னோகைட்டைக் கண்டு "இதுவும் அமிழ்தல் மண்டலக் கல்" என்று சொல்லிவிடக் கூடாது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல்லைப் பார்த்து, 1893இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் சூட்டில் உருவான வறண்ட பாறை. நீலச்சிஸ்டுக்குரிய குளிர்ந்த உயர் அழுத்தம் அதன் வரலாறு அல்ல. ஆனால் பாய்மத்தின் பாடம் இதிலும் உண்டு. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறை வெடிப்புகளை ஒட்டி மட்டும் திட்டுத்திட்டாகக் கரிய சார்னோகைட் ஆகியிருப்பதை 1960இல் சி. எஸ். பிச்சமுத்து எடுத்துக்காட்டினார். அங்கே வந்த பாய்மத்தில் கரியமில வாயு மிகுதி, நீர் குறைவு என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஹோல்ஸ்னோயில் பாய்மம் கல்லுக்கு நீரைக் கொடுத்தது. இங்கே கல்லிடமிருந்து நீரை வாங்கிக்கொண்டது.

ஏலகிரியின் சயனைட் என்ற எரிபாறையும் செவ்வாத்தூரின் கார்பனடைட் என்ற கார்பனேட் எரிபாறையும் இன்னும் பிந்தியவை, ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டு. அங்கேயும் பாய்மம் ஓடியது, ஆனால் அமிழும் தட்டிலிருந்து வந்ததாக அதைக் கொள்ளக் கூடாது. பாய்மத்தின் தடம் தெரிந்தவுடன் அமிழ்தல் என்று முடிவுகட்டுவதுதான் இப்போது அதிகம் நடக்கும் பிழை. எக்லோகைட், நீலச்சிஸ்ட் போன்ற அழுத்தச் சாட்சிகள் தனியாக வேண்டும். லடாக்கின் த்ஸோ மோராரியில் அவை இருக்கின்றன. இந்தியக் கண்டத்தின் விளிம்பே ஆசியாவுக்கு அடியில் 90 கி.மீ. அளவு ஆழத்துக்குப் போய் மீண்டு வந்த இடம் அது.

குவாரி முகத்திலோ சாலைக்கு வெட்டிய பாறையிலோ பார்க்கும்போது முதலில் வெடிப்புகளைத் தேடுங்கள், பிறகு வெடிப்பின் இரு கரைகளை. நிறம் மாறிய பட்டை இருக்கிறதா, இருபுறமும் ஒரே அகலமா, பட்டைக்குள் புதுக் கனிமம் வளர்ந்திருக்கிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். பட்டை பழுப்பாகவும், சுத்தியலால் தட்டினால் பொலபொலவென உதிர்வதாகவும் இருந்தால் அது நேற்றைய மழைநீரின் வேலை, ஆழத்துப் பாய்மத்தினுடையது அல்ல. மழைநீரும் பொட்டாசியத்தை எடுக்கும், நீரைச் சேர்க்கும். அந்தத் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகும். பழுப்பு தீர்ந்து, சுத்தியல் கணீரென்று ஒலிக்கும் ஆழம் வரை உடைத்து எடுங்கள். நரம்பு, அதன் கரைப்பட்டை, மாறாத நடுப்பாறை மூன்றையும் மூன்று பையில் போட்டு, எது எதிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரம் என்று பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.